டிவியை அணைத்துவிட்டு ஒரு மூலையை ஒதுக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் கடைசியாகப் பத்திரிகைக்கு எழுதியது இங்கே சிங்கப்பூரில் எங்கள் புளோக்கில் புறாத் தொல்லையைப் பற்றி. அதை யாரும் பிரசுரிக்கவில்லை, பரவாயில்லை, புறாக்களும் இன்னும் அங்கேயேதான் இருக்கின்றன. இந்த முறை புகார் அதிகமில்லை. போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு குடும்பத்தோடு ஓர் உணவகத்துக்குப் போய், பியானோ கேட்டுக்கொண்டே சாப்பிட்டு, ரயிலைப் பிடிக்க ஓடிவந்த கதையைச் சொல்லிவிட்டு, நம் தமிழ் உணவக முதலாளிகளிடம் ஒன்று கேட்கப்போகிறேன். கதை கொஞ்சம் நீளம். வேண்டாததை வெட்டிக்கொள்ளுங்கள், அந்தக் கேள்வியை மட்டும் விட்டுவையுங்கள்.

எங்களுக்குக் கல்யாணமாகி 35 வருஷம் ஆகிறது. வழக்கமாக இந்த நாளில் சிராங்கூன் ரோட்டில் கோயிலுக்குப் போய்விட்டு, பக்கத்தில் ஏதாவது ஒரு கடையில் வாழையிலைச் சாப்பாடு, அப்புறம் தேக்கா சந்தையில் மனைவிக்குப் பூ, எனக்கு வெற்றிலை, அவ்வளவுதான். இந்த வருஷம் மகள் விடவில்லை. "ஒரே ஒரு தடவை நான் சொல்ற இடத்துக்கு வாங்கப்பா, பியானோ வாசிப்பாங்க, கேட்டுக்கிட்டே சாப்பிடலாம்" என்றாள். வெள்ளிக்கிழமை அவள் அம்மா கவிச்சி தொடமாட்டாள் என்பதால் சனிக்கிழமைக்கு இடம் பதிவு செய்திருந்தாள். பிராஸ் பாசா பக்கம் ஒரு உணவகம், பெயர் வேண்டாம். செருப்புப் போட்டுக்கொண்டு வந்தால் உள்ளே விடமாட்டார்கள் என்று மாப்பிள்ளை சொன்னதைக் கேட்டதும் எனக்குப் பாதி ஆசை போய்விட்டது. மகள் கல்யாணத்துக்கு வாங்கிய ஷூவைத் தேடி எடுத்தேன். அடிப்பாகம் பிய்ந்து தொங்கியது. பசை போட்டு ஒட்டி, மேலே அரிசிப் பையைத் தூக்கி வைத்து, ஒரு ராத்திரி காயவிட்டுத்தான் போட்டுக்கொண்டு போனேன். இந்த ஊர் ஈரத்தில் எதுதான் தங்குகிறது?

உள்ளே போனால் ஏசி குளிரும் மங்கல் வெளிச்சமும். மெனுவைப் படிக்க மனைவி கைத்தொலைபேசியில் டார்ச் அடிக்க, மகள் அதைப் பிடுங்கி அணைக்க, இப்படித்தான் ஆரம்பித்தது எங்கள் இரவு. எங்கள் மேசைக்கு நாலடி தூரத்தில் அந்தப் பியானோ. கறுப்பு, மூடியைத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். வாசித்தவர் ஒரு சீனப் பெரியவர், எழுபது வயது இருக்கும், வெள்ளைச் சட்டை, கைப் பட்டன்களைக் கழற்றி மடித்துவிட்டிருந்தார். முன்னால் புத்தகம் கிடையாது, காகிதம் கிடையாது. சாப்பாடு கொண்டுவரும் பையன் தட்டை வைக்கும்போது மட்டும் சத்தத்தைக் குறைத்து, அவன் போனதும் மறுபடி ஏற்றினார். அதைக் கவனித்த பிறகு நான் சாப்பாட்டைக் கவனிக்கவில்லை.

நடுவில் மானம் போன ஒரு சம்பவம். அவர் ரொம்ப மெதுவான ஒரு பாட்டில் இருந்தார், உணவகமே அடங்கிப்போயிருந்தது, அந்த நேரம் பார்த்து என் தொலைபேசி அடித்தது. என் ரிங்டோன் முருகன் பாட்டு. காது கொஞ்சம் மந்தம் என்பதால் முழுச் சத்தத்தில் வைத்திருப்பேன். கால்சட்டையின் எந்தப் பையில் இருக்கிறது என்று தெரியாமல் நான் தடவ, பாட்டு பல்லவியைத் தாண்டிப் போக, எல்லா மேசையும் திரும்பிப் பார்க்க, மகள் முகத்தை நாப்கினால் மூடிக்கொண்டாள். அழைத்தது யாரென்று பார்த்தால் ஜோகூரில் இருக்கும் என் தங்கை, கல்யாண நாள் வாழ்த்துச் சொல்ல! ஒருவழியாக அணைத்துவிட்டு நிமிர்ந்தேன். பெரியவர் என்னைப் பார்த்துச் சிரித்தபடியே, அந்த முருகன் பாட்டின் முதல் வரியை வலது கையால் மட்டும் அப்படியே வாசித்துக் காட்டிவிட்டு, விட்ட இடத்தில் தன் பாட்டைத் தொடர்ந்தார். ஒரே தடவை கேட்டதுதான். பக்கத்து மேசையில் கைதட்டினார்கள். எனக்கு உட்காரவும் முடியவில்லை, எழுந்து ஓடவும் முடியவில்லை.

அவர் ஓய்வு எடுத்த நேரத்தில் மன்னிப்புக் கேட்கப் போனேன். "பிரதர், நான் நாற்பது வருஷமா வாசிக்கிறேன், எனக்கு யாரும் இப்படி எதிர்ப்பாட்டுப் பாடினதில்லை" என்றார், பாதி ஆங்கிலம் பாதி பாசார் மலாய், அதாவது சந்தைப் பேச்சு மலாய். நான் 31 வருஷம் மின்தூக்கி, அதாவது லிஃப்ட், பழுதுபார்க்கிற வேலை செய்தவன், எந்த இயந்திரத்தையும் திறந்து வைத்திருந்தால் உள்ளே எட்டிப் பார்க்காமல் இருக்க முடியாது. பார்க்கலாமா என்று கேட்டேன். தாராளமாக என்று தள்ளி நின்றுகொண்டார்.

ஐயா, உள்ளே ஒரு தொழிற்சாலை இருக்கிறது. கட்டைகள் 88, வெள்ளை 52, கறுப்பு 36, அது பரவாயில்லை, வெளியிலேயே எண்ணிவிடலாம். ஆனால் உள்ளே கம்பிகள் இருநூற்றுக்கும் மேல். கீழ்ச்சுரத்துக்குத் தடித்த செம்புக் கம்பி சுற்றிய ஒரே தந்தி, மேலே போகப் போக ஒரு சுரத்துக்கு மூன்று மெல்லிய தந்திகள். கட்டையை அழுத்தினால் கம்பளித் துணி போர்த்திய ஒரு சின்னச் சுத்தி போய்த் தந்தியைத் தட்டுகிறது, தட்டியதும் தானாகவே பின்னால் விழுந்துவிடுகிறது. விரல் இன்னும் கட்டையில்தான் இருக்கிறது, சுத்தி அதற்குள் திரும்பி வந்துவிட்டது. அது அங்கேயே ஒட்டிக்கொண்டு நின்றால் சத்தம் செத்துவிடும், அதனால்தான் அந்த ஏற்பாடு. வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன், இத்தாலியில் ஃபுளோரன்ஸ் நகரத்தில் கிறிஸ்டோஃபோரி என்கிறவர் 1700ஆம் வருஷ வாக்கில் இதைச் செய்திருக்கிறார். அதுவரை இருந்த ஹார்ப்சிகார்டில் தந்தியைச் சுண்டித்தான் விட முடியும், மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஏறக்குறைய ஒரே சத்தம். இவர் சுத்தியை வைத்ததால் விரல் எப்படியோ சத்தமும் அப்படி. மெதுவும் வரும், பலமும் வரும் என்று இத்தாலிய மொழியில் வைத்த பெயரைத்தான் சுருக்கிப் பியானோ என்கிறோமாம்.

எனக்கு மலைப்பாக இருந்தது வேறு. அத்தனை தந்திகளும் சேர்ந்து இழுக்கிற இழுவை பதினெட்டு, இருபது டன் வரை போகும். ஆள் நிறைந்த லிஃப்ட் ஒன்று ஒரு டன் என்று வைத்துக்கொள்ளுங்கள், இருபது லிஃப்டை ஒன்றாகத் தொங்கவிட்ட மாதிரி. அதைத் தாங்கத்தான் உள்ளே வார்ப்பிரும்புச் சட்டம் போட்டிருக்கிறார்கள். இவ்வளவு இழுவையை உள்ளே கட்டி வைத்துக்கொண்டு, வெளியே ஒரு மனிதர் பட்டன் கழற்றிய கையோடு, பையன் தட்டு வைக்கிற சத்தத்துக்கு வழிவிட்டு வாசிக்கிறார்.

சரி, பாட்டுக்கு வருகிறேன். இரண்டாவது சுற்றில் தைவான் பாடகி டெரசா டெங் பாடிய பழைய மெட்டு வந்தது, சீன மேசைகளில் உதடுகள் அசைந்தன. அப்புறம் மலாய் நடிகரும் பாடகருமான பி. ரம்லீயின் பாட்டு ஒன்று, அது எனக்கே தெரியும். இங்கே ஜாலான் அம்பாஸ் தெருவிலிருந்த ஸ்டுடியோவில் எடுத்த மலாய்ப் படங்களை என் அப்பா விடாமல் பார்ப்பார், ரம்லீயை வைத்துப் படம் எடுத்த எல். கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர் என்று பெருமையடித்துக்கொள்வார். பாட்டு முடிந்ததும் பெரியவர் எங்கள் பக்கம் திரும்பி, உங்கள் பாட்டு ஒன்று சொல்லுங்கள் என்றார். நான் விழித்தேன். என் மனைவி, கோயில் பஜனையில்கூடப் பின்வரிசையில் நின்று முணுமுணுக்கிறவள், எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்று எம்.எஸ். விஸ்வநாதன் போட்ட ஒரு மெட்டை ஹம் பண்ண ஆரம்பித்துவிட்டாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு வலது கையால் தேடினார். முதல் வரி கிடைத்துவிட்டது. இரண்டாவது வரியில் ஓர் இடத்தில் குரல் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போகும், நம் பாட்டில் உயிரே அந்த வழுக்கல்தானே, அங்கே அவர் மாட்டிக்கொண்டார். இந்தக் கட்டையைத் தட்டினார், அடுத்ததைத் தட்டினார், இரண்டையும் வேகமாகச் சேர்த்துத் தட்டினார். மனைவி தலையை ஆட்டினாள், இல்லை, இன்னொரு தடவை என்று மறுபடி ஹம் பண்ணினாள். நாலு தடவை. கடைசியில் அவர் சிரித்துவிட்டார், "இவங்க பாட்டு ரெண்டு கட்டைக்கும் நடுவுல நிக்குது, அங்க எனக்கு விரல் வைக்க இடம் இல்லையே" என்று. உண்மைதான், பியானோவில் தந்தியை இழுத்து வளைக்க முடியாது, வீணையில் செய்கிற கமகம் அதில் வராது. ஆனால் அதற்குப் பிறகு அவர் செய்ததைச் சொல்ல வேண்டும். அந்த இடம் வரும்போது தான் வாசிப்பதை நிறுத்திக்கொண்டார், இடது கை மட்டும் கீழே நடந்துகொண்டிருந்தது, வழுக்கலை என் மனைவியின் குரலுக்கு விட்டுவிட்டார். அவள் முடித்ததும் வலது கை சேர்ந்துகொண்டது. இப்படியே பல்லவி முழுக்கப் போனார்கள் இரண்டு பேரும். பழைய படங்களில் கதாநாயகன் பார்ட்டியில் பியானோ முன்னால் உட்கார்ந்து பாடுவாரே, விரல் ஒரு பக்கம் பாட்டு ஒரு பக்கம் போகும், அதைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்தவன் நான். நிஜத்தில் நாலடி தூரத்தில் இப்படி நடக்கும், அதுவும் என் வீட்டுக்காரியை வைத்து நடக்கும் என்று கனவு கண்டேனா?

மனைவி திரும்பி வந்து ஒன்றுமே நடக்காத மாதிரி ஆறிப்போன சூப்பைக் குடித்தாள். கை நடுங்கிக்கொண்டிருந்தது.

ஒரே ஒரு குறை. எங்களுக்குப் பின்னால் ஒரு மேசையில், நம் ஆட்கள்தான், தொலைபேசியில் ஏதோ காணொளியைச் சத்தமாகப் போட்டுப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள், பியானோவுக்கு நேர் எதிரில். ஒரு பாட்டு முடிந்தால் தலை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. என் ரிங்டோனோடு சேர்த்துப் பார்த்தால் நான் பேசத் தகுதியில்லாதவன், இருந்தாலும் சொல்கிறேன், பாட்டு முடிந்தால் கைதட்டுங்கள், கையில் முள்கரண்டி இருந்தால் அதைக் கீழே வைத்துவிட்டுத் தட்டுங்கள். அந்தப் பெரியவர் கோவிட் காலத்தில் இரண்டு வருஷம் வேலையில்லாமல் இருந்திருக்கிறார். உணவகத்தில் ரேடியோகூடப் போடக்கூடாது, ஒரு மேசைக்கு இரண்டு பேர் என்றெல்லாம் இருந்ததே, மறந்துவிட்டோமா?

பில் வந்தது. சாப்பாடு 286 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). சேவைக் கட்டணம் பத்து விழுக்காடு, அதற்கும் மேலே ஜிஎஸ்டி ஒன்பது விழுக்காடு, கூட்டினால் 342 வெள்ளி 91 காசு. நான் மனக்கணக்கில் போட்டுவிட்டு, எத்தனை வாழையிலைச் சாப்பாடு என்று வகுக்கத் தொடங்கியதும் மாப்பிள்ளை அட்டையைக் கொடுத்துவிட்டார். பியானோவின் மேல் ஒரு கண்ணாடிக் கிண்ணம் இருந்தது. மனைவி ஒரு பத்து வெள்ளித் தாளை நாலாக மடித்து, கல்யாண வீட்டில் நாதஸ்வரக்காரருக்குக் கொடுக்கிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்து அவரிடமே கொடுத்தாள். அவரும் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவர்கள் வழக்கமும் அதுதானே.

சிட்டி ஹால் ஸ்டேஷனுக்கு நடக்கும்போது, செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் காட்டி, இந்தச் சுவருக்கு அந்தக் காலத்தில் மெட்ராஸ் சுண்ணாம்பு பூசினார்கள், முட்டை வெள்ளையும் சர்க்கரையும் போட்டு அரைத்து, என்று நான் மாப்பிள்ளையிடம் ஆரம்பிக்க, "இப்பதானே சாப்பிட்டோம், இன்னும் சாப்பாட்டுப் பேச்சுதானா" என்றாள் மனைவி. ஷூ அங்கே வைத்துத்தான் மறுபடி பிய்ந்தது. ஒரு காலை இழுத்துக்கொண்டே ரயிலைப் பிடித்தேன். ஈசூன் வரும்வரை மாப்பிள்ளை தன் தொலைபேசியில் அனில் ஸ்ரீனிவாசன் பியானோ வாசிக்க சிக்கில் குருசரண் பாடுகிற கச்சேரியைக் காட்டிக்கொண்டு வந்தார். அவர்களும் அதையேதான் செய்கிறார்கள் ஐயா! வளைவும் குழைவும் பாட்டுக்காரருக்கு, பியானோ அடியில் தாங்கிக்கொண்டு போகிறது. எங்கள் பெரியவர் யாரும் சொல்லித்தராமல் அந்த ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்ததை நினைத்தேன்.

இப்போது என் கேள்வி. நம் தமிழ் உணவகங்களில் ஏன் இது இல்லை? நான் போகிற கடைகளில் சுவருக்கு ஒரு டிவி, எல்லாவற்றிலும் பாட்டு, அதுவும் சத்தமாக, "இன்னும் கொஞ்சம் ரசம்" என்று கேட்கக் கத்த வேண்டியிருக்கிறது. பதிவு செய்த பாட்டைப் போட்டாலும் பாட்டு உரிமைகளைப் பார்த்துக்கொள்கிற கம்பாஸ் அமைப்புக்கு உரிமக் கட்டணம் கட்டத்தான் வேண்டும், அது கடைக்காரர்களுக்குத் தெரியும். வாரத்தில் ஒருநாள், சனிக்கிழமை ராத்திரி ஏழிலிருந்து ஒன்பது வரை, டிவியை அணைத்துவிட்டு, ஒரு மூலையில் ஒரு மனிதரை உட்கார வைத்து வாசிக்கச் சொல்ல முடியாதா? வாசிப்பதற்கு வேண்டிய அனுமதிகளுக்குக் கொஞ்சம் அலைய வேண்டியிருக்கும், தெரிகிறது. இடம் இல்லை, இவ்வளவு பெரிய பியானோவை எங்கே வைப்பது என்பார்கள். மின்பியானோ போதும், அதிலும் 88 கட்டை உண்டு, சுவரோடு ஒட்டி நிற்கும், சுருதி சேர்க்கிற வேலையும் இல்லை. பியானோதான் வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை, புல்லாங்குழல், வயலின், எதுவானாலும் சரி. வாழையிலையும் பியானோவும் ஒட்டாது என்கிறாள் என் மனைவி. இருக்கலாம். ஆனால் தட்டுச் சத்தத்திலும் குழந்தைகள் அழுகையிலும் யார் கேட்பார்கள் என்று மட்டும் யாரும் சொல்லவேண்டாம், கல்யாணப் பந்தி நடக்கும்போதே நாதஸ்வரம் கேட்ட ஜனம் நாம்.

வாசிக்க ஆள் எங்கே என்று கேட்டால், அதற்கும் பதில் இருக்கிறது, அது என் வீட்டு வரவேற்பறையிலேயே இருக்கிறது. எட்டு வயதில் மகளைப் பியானோ வகுப்பில் சேர்த்தோம். லண்டன் ஏபிஆர்எஸ்எம் இசை வாரியத்தின் தேர்வு, ஒவ்வொரு கிரேடாக ஏறி எட்டாவது கிரேடு வரை முடித்தாள், சான்றிதழ் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. அதற்காக நான் எத்தனை ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் பார்த்தேன் என்பது வேறு கதை. எட்டாவது கிரேடு முடிந்த வாரம் மூடியை மூடினாள், அப்புறம் திறக்கவில்லை. கேட்டால், "எங்கப்பா வாசிக்கிறது, யாருக்கு வாசிக்கிறது" என்பாள். என் நண்பர்கள் வீடுகளிலும் இதே கதைதான், வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீடுகளில் இப்படி மூடிக் கிடக்கிற பியானோக்கள் எத்தனையோ. சென்னையில் ஒரு பையன், லிடியன் நாதஸ்வரம், 2019ல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் பியானோ வாசித்துப் பத்து லட்சம் டாலர் ஜெயித்தபோது இங்கே எத்தனை பெற்றோர் பிள்ளைகளுக்குக் காட்டிக் காட்டிப் பேசினோம். நம் பிள்ளைகளுக்கு அந்த மேடை எல்லாம் வேண்டாம். ரசம் குடித்துக்கொண்டு நாலு பேர் கேட்கிற ஒரு மூலை போதும். முதலில் தப்பும் தவறுமாகத்தான் வாசிக்கும், இருக்கட்டும், நாமும் எல்லாக் கடையிலும் நல்ல ரசமா குடிக்கிறோம்?

எந்த முதலாளியாவது இதைப் படித்துவிட்டு ஒரு சனிக்கிழமை முயற்சி செய்வதாக இருந்தால், உங்கள் பத்திரிகையில் ஒரு வரி போட்டுவிடுங்கள், குடும்பத்தோடு வருகிறேன், தொலைபேசியை அணைத்துவிட்டே வருகிறேன்.

அந்த ராத்திரி வீட்டுக்கு வந்ததும் மனைவி நேராகப் போய் மகளின் பழைய பியானோவைத் திறந்து பார்த்தாள். நடுவில் ஆறு கட்டை அழுத்தினால் எழுந்திருக்கவில்லை, ஈரத்தில் மரம் ஊதிவிட்டது. மறுநாள் மகளே எங்கேயோ விசாரித்து ஆள் பிடித்திருக்கிறாள், வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்து சரிசெய்து சுருதி சேர்த்துத் தருகிறாராம். அதற்கு முன்னால் பியானோவின் மேலே இருக்கிற கல்யாணப் படம், பிள்ளையார், போன தீபாவளியிலிருந்து அங்கேயே உட்கார்ந்திருக்கும் மூன்று முறுக்கு டின் எல்லாவற்றையும் இறக்க வேண்டும். டின்களை எங்கே வைப்பது என்று இன்னும் முடிவாகவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்தூக்கித் தொழில்நுட்பர்,
ஈசூன்